வீட்டுக்கு ஒரு ஓட்டு

"போர்வை மடிக்கிறதுக்கெல்லாம் அவார்டு குடுக்கணும்னா, முதல்ல எங்க வீட்டுக்கு வந்து குடுங்கய்யா! எங்க வீட்டுல தினமும் மடிக்கிறாங்க!"

பல் டாக்டர் கத்திய கத்தலில் துணி வெட்டுகிற மேஜை மேல் இருந்த கத்தரிக்கோலே ஒரு தரம் அதிர்ந்தது. பல் டாக்டருக்கு இது வழக்கம்தான். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாதவர்களிடமே பேசிப் பழகியவர். பதில் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்குக் குரல் தானாக ஏறிவிடும்.

"உங்க வீட்டுல மடிக்கிறவங்களை நீங்க ஒரு நாளாவது நின்னு பாத்திருக்கீங்களா டாக்டர்?" என்றாள் பாட்டு டீச்சர். அவள் கத்தவில்லை. கத்தாமலே மூலைவரை கேட்கிற குரல் அது.

"அவன் இந்தப் படத்துக்காக முப்பது கிலோ குறைச்சிருக்கான்மா! தாடி வளத்திருக்கான்! குகைக்குள்ளயே கிடந்திருக்கான்!"

"அப்ப அவனோட சமையல்காரருக்குக் குடுங்க. பட்டினி போட்டது அவர்தானே."

மச்சான் சிரித்துவிட்டு, பல் டாக்டர் திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார். மச்சான் என்பவர் பல் டாக்டரின் மனைவிக்குத் தம்பி, விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவர், ஊருக்கே மச்சான். அவருக்குச் சொந்தமாக ஒரு அபிப்பிராயம் இருந்ததாகத் தெருவில் யாருக்கும் தகவல் இல்லை. அக்கா புருஷன் எங்கே கை தூக்குகிறாரோ அங்கே இவர் கையும் எழும்.

இது நடந்த இடம் தையல்காரரின் கடைக்கு மேலே உள்ள வேலை அறை. சுவரோரம் மூடி போட்ட இரண்டு மெஷின்கள், நடுவில் வெட்டு மேஜை, காலடியில் துணிக் கழிவு. வருஷா வருஷம் பெரிய சினிமா அவார்டு அறிவிப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், இந்தத் தெருவின் சினிமாச் சங்கம் இங்கே கூடி, நடிகர் நடிகை என்று பிரிக்காமல் நடிப்புக்குக் கொடுக்கிற அந்த ஒரே அவார்டு யாருக்குப் போக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிடும். தீர்ப்பைத் தையல்காரர் கறுப்பு லைனிங் துணியில் சாக்குக்கட்டியால் எழுதிக் கடை வாசலில் மாட்டுவார். அவார்டு கொடுக்கிறவர்களுக்கு இப்படி ஒரு சங்கம் இருப்பது தெரியாது. சங்கத்துக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை.

ஐந்து வீடு, வீட்டுக்கு ஒரு ஓட்டு. அதுதான் சட்டம். பல் டாக்டரும் மச்சானும் தாடிக்காரன் பக்கம். பாட்டு டீச்சரும் தையல்காரரும் போர்வை மடித்த நடிகை பக்கம். ஐந்தாவது ஓட்டு சங்கத் தலைவருடையது.

தலைவர் செத்து மூன்று வருஷம் ஆகிறது.

அதனால் என்ன? அவருடைய நாற்காலி அதே இடத்தில் இருந்தது, மரக் கைப்பிடி போட்டது, யாரும் உட்காராதது. அதற்குப் பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் அண்ணி. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பார்வை சோதிக்கிற வெற்றுக் கண்ணாடிச் சட்டத்தை ஆட்களின் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸ் சில்லாகச் சொருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று பொழுதன்னைக்கும் கேட்டுக்கொண்டிருப்பவள். அவளை அப்படி யாரும் எதையும் கேட்டதில்லை. எது தெளிவு என்று வீட்டில் சொல்ல வேறொருவர் இருந்தார்.

தலைவர் எப்படிச் செத்தார் என்பது தெருவுக்கே தெரியும். அண்ணி இல்லாதபோது ஒரு மாதிரியும், இருக்கும்போது வேறு மாதிரியும் சொல்வார்கள். தியேட்டரில் செத்தார். இடைவேளையில் வறுத்த கடலை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், விளக்கு அணைந்ததும் வழக்கம்போல் தூங்கினார். தலை மனைவியின் தோளில் சாய்ந்தது. அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் தோளை ஆட்டி, "எழுந்திருங்க, எல்லாரும் போறாங்க" என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்திலேயே போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். பல் டாக்டர் இல்லை, நிஜ டாக்டர்.

அப்படியென்றால் மிச்சப் படம் முழுக்க? தெரு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து உச்சுக்கொட்டியது. அந்தப் படத்தில் இடைவேளைக்குப் பிறகு ஒரு அக்கா வேஷம் வரும். அதில் நடித்தவள்தான் இந்த வருஷம் போர்வை மடித்தவள். தெரு அதையும் கவனிக்காமல் விடவில்லை.

அவர் போன சில வாரத்தில் வந்த முதல் கூட்டத்தில் ஓட்டு இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. தையல்காரர்தான், துக்கத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், "அண்ணி, தலைவர் இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்று கேட்டுவிட்டார். அண்ணி தொண்டையைச் செருமினாள். நாற்காலிக் கைப்பிடியை இரண்டு தட்டுத் தட்டினாள். "அழறதெல்லாம் நடிப்பா? வெங்காயம் உரிச்சாக்கூடத்தான் வரும்" என்றாள். குரல் அச்சாக அவர் குரல்.

அறையே சிரித்தது. சிரித்த கையோடு எல்லோருக்கும் கண் கலங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த பெரியக்கா, தலைவரின் கூடப் பிறந்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "என் தம்பிடா... என் தம்பிடா" என்று தேம்பினாள். அண்ணிக்கும் அன்று நெஞ்சு லேசானது. விளையாட்டாகத்தான் செய்தாள். அவரை ஒரு நிமிஷம் திரும்பக் கூட்டிவந்த மாதிரி இருந்தது.

அந்த வருஷத் தீர்ப்பு பலித்தது. அடுத்த வருஷமும் பலித்தது. "தலைவர் சொன்னா தப்பாதுப்பா" என்று பக்கத்துத் தெருக்காரர்கள்கூட வந்து கறுப்புத் துணியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பல் டாக்டர் கார் மாற்றலாமா என்று தலைவரைக் கேட்டார். பெரியக்கா வாரம் ஒரு முறை பலகாரத்தோடு வந்து உட்கார்ந்து, "ஏம்மா, தம்பியை ஒரு வார்த்தை பேசச் சொல்லேன்" என்பாள், ஏதோ உள்ளறையில் படுத்திருப்பவரை எழுப்பச் சொல்வது போல.

மூன்றாவது கூட்டத்தில், போன வருஷம்தான், அண்ணிக்குப் பயம் தட்டியது. அன்று அவள் பேச வேண்டும் என்று நினைக்கவே இல்லை. தையல்காரர் கேள்வியை முடிக்கும் முன்பே தொண்டை செருமியது.

அதற்குப் பிறகு தலைவர் கூப்பிடாமலே வந்தார். கடையில் ஒரு லாரி டிரைவருக்குச் சில்லு மாற்றி மாற்றிப் போட்டு, "இதா, அதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் வாயிலிருந்து, "ரெண்டும் தேறாது" என்று ஆம்பிளைக் குரல் வந்தது. டிரைவர் மூக்கில் மாட்டிய சட்டத்தோடு திரும்பிப் பார்த்து, "யாருங்க அது?" என்றார். பின்னறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். அண்ணி இருமிச் சமாளித்தாள். வீட்டில் டிவியில் அந்த அக்கா வேஷ நடிகை வந்தால், இவள் கை எழுந்து போய் அணைத்துவிட்டு வரும். அவர் அப்படித்தான் அணைப்பார். சத்தமாகச் சிரிக்கிற நடிகைகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. சரி, எனக்கு ஆகுமா, ஆகாதா? அணைந்த டிவிக்கு முன்னால் நின்று அண்ணி யோசிப்பாள். யோசித்தால் அவருடைய பதில்தான் வரும்.

அப்படியிருக்கும்போது இந்தப் போர்வைப் படம் வந்தது. அதை அவள் தனியாக, மத்தியான ஆட்டத்தில், போய்ப் போய்ப் பார்த்தாள். யாருக்கும் சொல்லவில்லை. டார்ச் அடித்து இடம் காட்டுகிறவன் தையல்காரரின் வாடிக்கையாளர் என்பதால் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. படத்தில் அந்த நடிகை, பெரிய இரட்டைப் போர்வையைத் தனியாளாக மடிப்பாள். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரு ஓரத்தைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, கையை அகல விரித்து, எட்டாமல், மறுபடி உதறி, மறுபடி மடிப்பாள். அழ மாட்டாள். பின்னணியில் பாட்டு கிடையாது. அவ்வளவுதான். அண்ணிக்கு ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் தோள் கனத்தது.

இந்தப் படத்துக்கு நான் ஓட்டுப் போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. தலைவர் இல்லை, நான். ஆயுசில் முதல் தடவை.

போன வாரம் தையல்காரரிடம் கேட்டாள். அவர் பல் டாக்டரிடம் கேட்டார். "வீட்டுக்கு ஒரு ஓட்டுதான். அது தலைவரோடது. அவரைக் கேக்காம எப்படி அதைத் தூக்கி அண்ணிக்குக் குடுக்கறது?" என்றார் பல் டாக்டர். சரி, அவரையே கேட்டுவிடுவோம் என்று இரண்டு பேரும் அண்ணி வீட்டுக்கே வந்தார்கள். படித்தவர்கள். சிரிக்காமல் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "தலைவரே, உங்க ஓட்டை அண்ணிக்குக் குடுத்துரலாமா?" என்று அவளையே பார்த்துக் கேட்டார்கள்.

அண்ணி 'குடுத்துடுங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பாக்கலாம்" என்றார் தலைவர்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளுக்குச் சொன்ன பதில்களில் பாதி அதுதான்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கட்சியும் கத்தி ஓயக் காத்திருந்தாள். பாட்டு டீச்சர் தண்ணீர் குடித்தாள். பல் டாக்டர் வேட்டையில் களைத்தவர் போல் மூச்சு வாங்கினார். தையல்காரர் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"ரெண்டுக்கு ரெண்டு. அண்ணி, தலைவர் என்ன சொல்றாரு?"

பெரியக்கா பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் வருவதே இந்த நிமிஷத்துக்குத்தான்.

அண்ணி மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தாள். 'அந்தம்மாவுக்கு.' ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தாள். தொண்டை செருமியது. கை நீண்டு கைப்பிடியைத் தட்டியது.

"அழறதெல்லாம் நடிப்பா?"

"சொன்னேன்ல!" என்று பல் டாக்டர் தொடையில் அடித்துக்கொண்டார். "தலைவர் தலைவர்தான்யா! எழுதுங்க, தாடிக்காரனுக்கு மூணு!"

"அவ அழலையே" என்றாள் அண்ணி.

குரல் ஒல்லியாக, தூசி படிந்து வந்தது. ரொம்ப நாளாகத் திறக்காத பீரோவின் கதவு போல. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"என்னது?" என்றார் தலைவர். அதே வாய்தான். உதடு அதேதான்.

"அவ அழவே இல்லைங்க. போர்வையை மடிக்கிறா, அவ்வளவுதான். நீங்க பாத்தீங்களா?"

"பாக்காமலா பேசறேன்?"

"என்னிக்குப் பாத்துப் பேசினீங்க? இடைவேளைக்கு அப்புறம் ஒரு படத்துல கண்ணைத் திறந்து வெச்சிருந்ததுண்டா? வீடு வர்ற வரைக்கும் வழியெல்லாம் நான் கதை சொல்லிக்கிட்டே வருவேன். மறுநாள் இங்க வந்து கைப்பிடியைத் தட்டி, அதையே உங்க அபிப்பிராயமாச் சொல்வீங்க. நான் இந்த ஸ்டூல்ல உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பேன்."

மச்சானுக்கு ஒரு சிரிப்புக் கிளம்பி, பாதியில் பயந்து நின்றது. ஒரு வாயிலிருந்து இரண்டு பேர் சண்டை போடுவதை அவர் அதுவரை பார்த்ததில்லை. யார்தான் பார்த்திருக்கிறார்கள்? கேலிக்குச் செய்கிறாளா என்று தையல்காரர் முகத்தைப் பார்த்தார். முகத்தில் கேலி இல்லை. கழுத்து நரம்பு இரண்டு பக்கமும் புடைத்து, ஒரு பக்கம் வேர்த்திருந்தது.

"பொண்டாட்டி பேசற பேச்சா இது?" என்றார் தலைவர்.

"நீங்க உயிரோட இருந்தப்பவே பேசியிருக்கணும்."

தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. கீழே தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். பிறகு அந்தக் குரல், கத்தாமல், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காதோடு பேசுகிற மாதிரி வந்தது.

"நான் செத்துக்கிட்டிருந்தப்ப நீ யாரைப் பாத்துக்கிட்டிருந்தே?"

பாட்டு டீச்சர் மெஷின் மூடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷமாகத் தெருவே அண்ணியிடம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. முதுகுக்குப் பின்னால் ஆயிரம் தரம் கேட்ட கேள்வி.

"இவளைத்தான்" என்றாள் அண்ணி.

நாற்காலிப் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இந்தப் போர்வைக்காரியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். தம்பி வீட்டை விட்டுப் போறான், இவ வாசல்ல நிக்கறா. ரொம்ப நல்லா நடிச்சா. உங்க தலை என் தோள்ல கனமா இருந்துச்சு. எழுப்பினா அந்த சீன் போயிரும்னு எழுப்பலை. கடைசி வரைக்கும் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு, என்ன பண்ணச் சொல்றீங்க?"

தொண்டை மறுபடி செருமியது. அவர் ஏதோ சொல்ல வந்துவிட்டார். அண்ணியின் வாய் திறந்து, மேல் உதடு அவருடையது மாதிரியே ஒரு பக்கமாக ஏறியது.

"போதும்டா" என்றது வேறொரு குரல்.

பெரியக்கா எழுந்து நின்றிருந்தாள்.

"போதும்டா தம்பி. சின்ன வயசுலேருந்தே நீ உக்காந்தா தூங்கிருவே. சோத்துத் தட்டுல தலையை வெச்சுத் தூங்கினவன்தானே நீ? தூங்கறியா, போய்ச் சேந்துட்டியான்னு உன்னைப் பெத்தவளுக்கே தெரியாது, இவளுக்கு எப்படித் தெரியும்? அவளை விடுடா. அவ சொல்லட்டும்."

தம்பி குரலைக் கேட்கவென்று வாரா வாரம் பலகாரம் சுமந்து வந்தவள். சொல்லிவிட்டு, தானே அறைந்துகொண்ட மாதிரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணியின் வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே ஏதோ முட்டியது. ஏப்பம் மாதிரி, இருமல் மாதிரி. ஒன்றும் வெளியே வரவில்லை. கைப்பிடி மேல் இருந்த கை, தட்டாமல், மெதுவாக மடிக்குத் திரும்பியது.

"அந்தம்மாவுக்கு" என்றாள்.

தையல்காரர் சாக்குக்கட்டியைத் துணியில் வைக்கப் போனவர் நின்றார். "அண்ணி... இது யாரு ஓட்டு?"

"என்னோடது."

"ரூல்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று பல் டாக்டர் எழுந்தார். "வீட்டுக்கு ஒரு ஓட்டு! தலைவர் தெளிவாச் சொல்லிட்டாரு, எல்லாரும் கேட்டோம்!"

"அந்த வீட்டுல சோறு திங்கறது அவ ஒருத்திதானே டாக்டரு?" என்றாள் பெரியக்கா, தலை நிமிராமல். "அப்ப அது யாரு ஓட்டு?"

பல் டாக்டர் வாயைத் திறந்தார். அவர் நோயாளிகள் திறப்பது போலவே, திறந்தது திறந்தபடி நின்றது. அந்த இடைவெளியில்தான் மச்சான், தன் வாழ்நாளில் யாரும் எதிர்பாராதபடி, கையைத் தூக்கினார்.

"நானும் அந்தம்மாவுக்கே போட்டுர்றேன்" என்றார். சொல்லிவிட்டுப் பாட்டு டீச்சரைப் பார்த்தார். பாட்டு டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள். அக்கா புருஷன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நான்குக்கு ஒன்று. கறுப்புத் துணி வாசலில் ஏறியது. அடுத்த வாரம் அவார்டு அறிவித்தார்கள். போர்வைக்காரிக்கும் இல்லை, தாடிக்காரனுக்கும் இல்லை. சங்கம் பேர்கூட உச்சரிக்காத மூன்றாவது ஆள் ஒருவர் மேடையேறி வாங்கிக்கொண்டு போனார். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணி அதற்குக் கவலைப்படவில்லை. தோற்றாலும் அது அவள் தோற்றது.

ஆனால் அவர் போய்விட்டாரா என்றால், அதைத்தான் சொல்ல முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு குரல் வரவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அண்ணியோ சில சாயந்திரம் சமையலறையில் கரண்டியைப் பாதியில் நிறுத்திக் காது கொடுத்துக் கேட்பாள். ஒரு நாள் பெரியக்கா ரொம்ப அழுதாள் என்பதற்காக வேண்டுமென்றே தொண்டையைச் செருமி, அவர் மாதிரி பேசிப் பார்த்தாள். வெறும் மிமிக்ரியாக இருந்தது, அதுவும் மட்டமான மிமிக்ரி. பெரியக்காவே, "வேணாம்மா, விடு" என்று சொல்லிவிட்டாள். இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் சினிமாவுக்குப் போகிறார்கள். பெரியக்காவும் அதே ரத்தம்தானே, விளக்கு அணைந்ததும் தூங்கிவிடுகிறாள். அண்ணி திரையைப் பார்க்கிறாள். நடுநடுவே, எவ்வளவு நல்ல சீன் ஓடினாலும், இருட்டில் கை நீண்டு பெரியக்காவின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. முன்போல ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்தாளா என்று கேட்டால், இல்லை.

மற்றபடி, மச்சானுக்கும் பாட்டு டீச்சருக்கும் அந்த வருஷக் கடைசியில் கல்யாணம் நடந்தது. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று பல் டாக்டர் முதல் பந்தியோடு கோபித்துக்கொண்டு போய்விட்டார்; ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த கோடையில் கிளினிக்கையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். மச்சானுக்கு டிக்கெட் சல்லிசாகக் கிடைக்கிற வேலை என்பதால் புதுத் தம்பதி வெளிநாடு போய்விட்டார்கள். டீச்சர் அங்கேயும் பாட்டுச் சொல்லித் தருகிறாளாம், மச்சான்தான் முதல் மாணவராம், சுருதி சேரவில்லையாம். கண்ணாடிக் கடை இன்னொரு ஊரில் கிளை திறந்தபோது அண்ணி கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். "நீ போனா நான் யாரைப் பாக்க வர்றது?" என்று பெரியக்காவும் மூட்டையைக் கட்டிவிட்டாள். போன முதல் வாரமே பெரியக்கா பக்கத்து வீட்டுக்காரியோடு பெரிய சண்டை போட்டுவிட்டதாகக் கேள்வி. எதற்காக என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. தையல்காரருக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறார்.